வர இயலாது என்று எழுதியவர்

நான் ஒரு பெண்மணியை ஊரார் முன்னால் பொய்க்காரி ஆக்கினேன். அவர் சொன்னது உண்மை என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேசாமல் இருந்திருந்தால்கூடக் கோழைத்தனம் என்று சொல்லிக்கொண்டு தப்பியிருக்கலாம். நான் வாயைத் திறந்து எதிராகவே சொன்னேன். கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிற வாய் என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

அவர் பெயர் வேண்டாம். மலைமேல் பெர்ன்ஹில்லில் எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில் அவர் வீடு. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் எல்லோருக்கும் ‘டெலிபோன் அக்கா’. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் பதில் சொல்லியிருப்பார். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

மேலே பாதையிலிருந்து ஒருவர் “அக்கா” என்று கூப்பிட்டால், அந்தச் சொல் முடிவதற்குள் உள்ளேயிருந்து “வந்துட்டேனுங்க” என்று குரல் வரும். ஆள் வர நேரமாகும். குரல் முந்திவிடும். பேருந்தில் யாராவது பொதுவாக “கூடலூர் வண்டி போயிருச்சுங்களா?” என்றால், மற்றவர்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் சொல்லிவிடுவார். தெரியாவிட்டால் “தெரியலீங்களே” என்பார். அதுவும் அவர் கணக்கில் ஒரு பதில்தான்.

எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்து யாரும் எடுக்காவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்துவிடுவார்.

“ஏனுங்க சார், ஊட்டுல ஆளிருந்துக்கிட்டே எடுக்காம உட்டா அந்தப் பக்கம் இருக்கறவங்க என்னன்னு நெனைப்பாங்க?”

“வேணும்னா மறுபடி கூப்பிடுவாங்க அக்கா.”

“ஒருக்காக் கூப்பிட்டது அவங்க மரியாதைங்க. ரெண்டாந்தரம் கூப்பிட வெக்கறது நம்ம திமிருங்க.”

என் மனைவி சமையலறைக்குள் சிரிப்பது கேட்கும். அவளுக்கு அக்காவை ரொம்பப் பிடிக்கும்.

பழைய தொலைபேசி நிலையத்தில், ஊரில் யாராவது ரிசீவரை எடுத்தால் ஆபரேட்டருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு எரியுமாம். “வெளக்கு எரிஞ்சா எடுக்கோணுமுங்க. லைன் கெடைக்காதுன்னா கெடைக்காதுன்னு சொல்லோணும். எரிய உட்டுட்டு உக்காந்திருக்கக் கூடாது.” ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரங்கள் விழுந்து கோயம்புத்தூர் லைன் அறுந்து போயிற்று. எதிரே விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவரிடமும் “லைன் இல்லீங்க, லைன் இல்லீங்க” என்று அன்று வேலை முடிகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமா என்று நான் கேட்டேன்.

“இல்லைன்னு தெரிஞ்சாத்தானுங்க அவங்க வேற வழி பார்ப்பாங்க” என்றார்.

இவ்வளவும் தெரிந்துதான் அவருக்கு அந்த நான்கு எழுத்துகளின் பொருளைச் சொன்னேன்.

தன்னோடு வேலை பார்த்த ஒருவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகையை அக்கா கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். ஆங்கிலப் பக்கத்தின் அடியில் விரலை வைத்து, “இது என்னங்க சார்? எல்லாப் பத்திரிகையிலயும் இருக்குது. மாப்பிள்ளையோட படிப்புங்களா?” என்றார். ஆர்.எஸ்.வி.பி.

இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவன்போல நாற்காலியை இழுத்துப் போட்டேன். அது ஆங்கிலமே இல்லை, பிரெஞ்சு என்றேன். ‘ரெப்போந்தே சீல் வூ ப்ளே’ என்று வாய் நிறையச் சொல்லிக் காட்டினேன். தயவுசெய்து பதில் சொல்லுங்கள் என்று பொருள். ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பெரியமனிதர்களுக்குப் பிரெஞ்சில் நாலு வார்த்தை கலந்தால்தான் கௌரவம். விருந்து அழைப்பிலும் அது வந்து ஒட்டிக்கொண்டது. மேஜையில் எத்தனை தட்டு வைப்பது என்று அழைத்தவருக்குத் தெரிய வேண்டும். அதனால் அழைப்பு வந்தால் பதில் போட்டே ஆகவேண்டும், போடாதது பண்புக் குறைவு என்றேன். ‘ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.’ என்று சிலர் எழுதுகிறார்களே, அதற்குள்ளேயே ஒரு ப்ளீஸ் இருப்பது தெரியாமல் இரண்டு தடவை கெஞ்சுகிறார்கள் என்று வகுப்பில் சொல்லும் வேடிக்கையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

“வர முடியலைன்னாலும் சொல்லோணுமுங்களா?”

“அப்பத்தான் அக்கா முக்கியமாச் சொல்லணும்.”

“இத்தனை நாளா எத்தனை பேருக்குச் சொல்லாம உட்டிருப்பேன்” என்று முகம் வாடி எழுந்து போனார்.

பொருளைச் சொன்ன நான் வழக்கத்தைச் சொல்லவில்லை. நம் பத்திரிகைகளில் அந்த நான்கு எழுத்தும் ஓரத்தில் அச்சடித்த வாழைமரம் மாதிரி. யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. நம் ஊரில் அழைப்புக்குப் பதில், போய் இலை முன்னால் உட்காருவதுதான். போக முடியாதவர்களும் “பார்க்கலாம், வந்தர்றோம்” என்றுதான் சொல்வார்கள். நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு ‘வரமாட்டேன்’ என்ற சொல்லை யாரும் அனுப்புவதில்லை. இது யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் அச்சில் கேட்டிருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டதே. கேட்ட பிறகு எப்படி சும்மா இருப்பார்?

அன்றிலிருந்து அஞ்சலட்டை போட ஆரம்பித்தார். ‘தங்கள் இல்லத் திருமணத்துக்கு வருகிறேன். ஒருத்தி மட்டும்.’ என் கூட வேலை செய்த ஒருவர் அதை ஓய்வறைக்கே கொண்டுவந்து காட்டினார். “ஏங்க, பந்தியில சீட்டு ரிசர்வ் பண்ற மாதிரி எழுதியிருக்காங்களே!” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று அங்கே சொல்லவில்லை. என் பொய் அப்போதே ஆரம்பித்திருக்கிறது. புதிதாகத் திறந்த வங்கிக் கிளை ஒன்று வீட்டுக்கு வீடு போட்ட அழைப்புக்கும் பதில் எழுதினார். அந்த மேலாளர் இவரைப் பார்க்கவே சரிவில் இறங்கி வந்தார். ஊரிலேயே அவருக்குப் பதில் போட்டது இவர் ஒருத்திதானாம். அந்தச் சந்தோஷம் அக்காவுக்கு ஒரு மாதம் இருந்தது.

ஒற்றையாக இருக்கிற மனுஷிக்குக் கல்யாணப் பத்திரிகை என்பது வெறும் காகிதமல்ல என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று யாரும் இல்லாதவர். காந்தல், லவ்டேல், குன்னூர் என்று எங்கே கல்யாணமென்றாலும் போய், பெண்ணின் தலையில் பூவைச் சரிசெய்து, பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேசிவிட்டு வருவார். அதுதான் அவருக்கு உறவு.

எங்கள் பாதையின் மேல்முனையில் ஒரு காய்கறி மண்டிக்காரர். இந்தப் பக்கத்துக் கேரட்டும் உருளைக்கிழங்கும் அவர் லாரியில்தான் மேட்டுப்பாளையம் இறங்கும். அவர் மகனுக்குப் பொள்ளாச்சியில் பெண் முடிவாகி, ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தார்கள். அக்காவுக்கும் வந்தது. அன்றைக்குத்தான் கோயம்புத்தூரில் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. தேதியை மாற்றக் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. அட்டையில் எழுதிப் போட்டார்: ‘அன்று என்னால் வர இயலாது. மன்னிக்கவும்.’

அந்த அட்டை மண்டிக்காரர் வீட்டில் முகூர்த்தக்கால் நட்ட காலையில் போய் விழுந்தது. பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ அதை வாங்கி உரக்கப் படித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெண்ணின் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். கல்யாணம் தள்ளிப்போனது. பிறகு பெண் வீட்டார் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் நாங்கள் அக்கம்பக்கத்தார் மண்டிக்காரர் வீட்டில் துக்கம் விசாரிக்க உட்கார்ந்திருந்தோம். வாசல் பந்தலைப் பிரிக்க யாருக்கும் கை வரவில்லை. அப்போது அக்கா வந்தார். சிகிச்சைக்குப் பிறகு தருகிற பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் நேராக இங்கேதான் வந்திருக்கிறார்.

மண்டிக்காரர் மனைவி எழுந்தார்.

“வாங்க. வர இயலாதுன்னு எழுதிப் போட்டீங்களே, இப்ப மட்டும் எப்படி இயலுது?”

“கண் ஆபரேஷனுங்க. தேதி மாத்தித் தரலீங்க. சொல்லாம இருந்தாத் தப்புன்னு…”

“ஆரு கேட்டா உங்களை? ஊரே பத்திரிகை வாங்குச்சு. ஆராச்சும் வரலைன்னு எழுதினாங்களா? கால் நட்டுட்டு இன்னும் கையைக் கழுவலை, அதுக்குள்ள நல்ல காரியத்துக்கு மொதல் வார்த்தை ‘இயலாது’ன்னு உங்க கார்டு வருது!”

“பதில் போடச் சொல்லி அச்சடிச்சிருந்துச்சுங்க.”

“எதுல?”

“பத்திரிகையிலங்க. இங்கிலீஷ் பக்கத்துல, அடியில. சாரைக் கேளுங்க. சார்தான் எனக்கு அர்த்தம் சொன்னாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண்டிக்காரர் களைத்த குரலில், “அப்படியா சார் போட்டிருக்குது?” என்றார்.

அப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். திருப்பூரில் மண்டிக்காரரின் நெருங்கிய சொந்தத்தில் ஒரு பையன். நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் மண்டிக்காரர்தான். அந்த நேரத்தில் என் மனதில் அது மட்டும்தான் இருந்தது. வேறு காரணம் எதையும் நான் தேடிக்கொள்ளப்போவதில்லை.

“அதெல்லாம் ஒரு அழகுக்குப் போடறதுங்க” என்றேன். “அச்சகத்துல எல்லாத்துலயும் சேர்த்து அடிச்சிருவாங்க. பதில் போடுன்னெல்லாம் அர்த்தம் இல்லீங்க.”

முதல் வாக்கியம் வழக்கத்தைப் பொறுத்தவரை உண்மை. அதனால்தான் கடைசி வாக்கியமும் செல்லுபடியாயிற்று.

“நீங்கதானுங்க சார் சொன்னீங்க? முக்கியமாச் சொல்லணும்னு?”

“நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லையே அக்கா.”

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் எப்படியிருந்தது என்று தெரியவில்லை. பிறகு “சரிங்க” என்றார். எனக்குச் சொன்னாரா, அந்தம்மாவுக்குச் சொன்னாரா தெரியாது. பந்தல் காலைத் தடவிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கைபிடித்து இறக்கிவிட யாரும் எழவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் பத்திரிகை வருவது நின்றுபோயிற்று. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எங்கள் வீடு வரை வந்து, சரிவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். “அந்த அக்கா கார்டு போட்டுட்டா வம்புங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்களும் உண்டு. நான் அவர்களுக்குக் காபி கொடுத்தேன்.

என் மகளுக்கு அந்தத் திருப்பூர்ச் சம்பந்தமே முடிந்தது. யார் யாரை அழைப்பது என்று பேசும்போது மனைவி அக்காவின் பெயரைச் சொன்னாள்.

“மண்டிக்காரர் என்ன நெனைப்பாரு?” என்றேன்.

“அக்கா என்ன நெனைப்பாங்கன்னு நீங்க நெனைக்கவே மாட்டீங்களா?” என்றாள். அன்று பொழுதோடே அவள் மட்டும் குங்குமச் சிமிழோடு இறங்கிப் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தாள்.

பதில் அட்டை வரவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மனைவி போய்க் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்: “வந்தா சாருக்குச் சங்கடம் கண்ணு. வரலைன்னு எழுதினா அது அதைவிடச் சங்கடம். அதான் ஒண்ணும் எழுதலை.”

எதற்கும் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர். அவரை நான் அதற்குப் பழக்கிவிட்டேன். அதன் பிறகு பாதையில் யார் கூப்பிட்டாலும் முன்போல முந்திக்கொண்டு குரல் வருவதில்லை. நடந்து வந்து, யார் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

என் மனைவி நோயில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். அவள் போன பிறகு கொஞ்ச நாள் எனக்கும் சோறு வந்தது. பழையதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. பேசாததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நானும் வருடங்களை ஓட்டினேன்.

சென்ற வருடம் என் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தினமும் செல்போனைப் பார்த்துப் புலம்பினாள். “தாத்தா, பாதிப் பேர் இன்னும் ஆர்எஸ்விபி பண்ணவே இல்லை.” கடிதத்தின் அடியில் கிடந்த பிரெஞ்சு மரியாதை இப்போது ‘பண்ணுகிற’ ஒரு வேலையாகிவிட்டது. “உங்க காலத்துல யாருமே பண்ண மாட்டாங்களாமே?” என்றாள்.

“ஒருத்தர் பண்ணினாங்க” என்றேன். யார் என்று கேட்டாள். பேச்சை மாற்றினேன். என் அந்த ஒரு பொய்யின் உதவியோடு நடந்த கல்யாணத்தில் பிறந்த பிள்ளை அவள்.

மறுநாள் மண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது சாய்வு நாற்காலியோடு சரி. கணவன் மனைவி இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். அந்த எழுத்துகளுக்குப் பதில் போடு என்றுதான் அர்த்தம், அக்காவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான், அன்று பொய் சொன்னேன் என்று.

மண்டிக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். “எந்த அக்கா?”

“அதானுங்க, கீழ ஊட்டு டெலிபோன் அக்கா. பெரியவனுக்கு மொதல்ல பார்த்த பொள்ளாச்சிச் சம்பந்தத்துல ஏதோ கார்டு போட்டாங்களே.” என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “அட, அதை நாங்க அப்பவே மறந்துட்டோமுங்க சார். அது நின்னதே நல்லதாப் போச்சு. இல்லாட்டி இந்தத் தங்கமான மருமக கெடைச்சிருப்பாளா?”

இத்தனை வருடம் அந்த மனுஷி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, இவர்கள் எப்போதோ மறந்துவிட்ட ஒன்றுக்காக.

“இதுக்குப் போயி வெசனப்படறீங்களே! வாங்க, நானே வந்து பேசறேன்” என்று அந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டார்.

அக்கா வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எண்பத்தைந்தை நெருங்குகிற உடம்பு. எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காராமல், வந்தவர் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

“சார் ஏதோ ஞாபகப் பிசகுல சொல்லிட்டாருங்க அக்கா. உடுங்க” என்றார் மண்டிக்காரர் மனைவி.

“பிசகு இல்லீங்க. ஞாபகம் இருந்துதான் சொன்னேன்” என்றேன்.

அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு அந்தம்மாவிடம் பேரப்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்து, காபி கொடுத்து அனுப்பிவைத்தார். நான் மட்டும் நின்றேன். பேத்தியின் கல்யாணத்துக்கு அச்சடித்திருந்த பத்திரிகையை நீட்டினேன்.

“என்னை மன்னிச்சிருவீங்களா அக்கா?”

பத்திரிகையைப் புரட்டிப் பெண்ணின் பெயரையும் மண்டபத்தையும் படித்தார்.

“கல்யாணத்துக்கு வர்றேனுங்க. ஒருத்திதான். அது பாப்பாவுக்கு.” பத்திரிகையை மடித்து வைத்தார். “நீங்க கேட்டது வேறைங்க சார். அது எனக்கு இன்னும் வரலீங்க. வராததை வந்துருச்சுன்னு எப்படிங்க சொல்றது? வந்தா நானே மேல வந்து சொல்றேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பீன்ஸ் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு வந்தார். பேத்தியின் கன்னத்தைத் தொட்டு ஆசி சொன்னார். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களோடு சிரித்துப் பேசினார். அந்தக் கல்யாணத்தில் அவரைப் பார்த்த காந்தல்காரர் ஒருவர் போன மாதம் தன் மகளின் புதுமனை புகுவிழாவுக்கு அவருக்கும் பத்திரிகை வைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டது. வந்துவிட்டதோ என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனேன். மூச்சு வாங்க ஏறி வந்தார். தோட்டத்தில் பறித்த கொஞ்சம் கொத்தமல்லியைக் கையில் கொடுத்தார். குளிராக இருக்கிறது, மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். கடைசிப் படிவரை உடன் போய்விட்டு வந்தேன்.